சுமையை ஏற்றியவர் யார்? காயமடைந்த தொழிலாளியின் உரிமை கடந்து வந்த பாதை

1835ஆம் ஆண்டு மே மாத இறுதி. இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியைச் சேர்ந்த இறைச்சி வணிகர் ஃபவுலர் என்பவரின் வண்டி, தாங்கக்கூடிய அளவுக்கு மேல் சுமை ஏற்றப்பட்ட நிலையில் புறப்பட்டது. முதலாளியின் கட்டளைப்படி அதில் ஏறிச் சென்றவர் சார்லஸ் பிரீஸ்ட்லி என்னும் இளம் பணியாளர். வழியிலேயே வண்டி முறிந்து வீழ்ந்தது. பிரீஸ்ட்லியின் தொடையெலும்பு உடைந்தது. பல வாரங்கள் படுக்கையில் கிடந்து, மருத்துவத்திற்கெனப் பெருந்தொகையும் கடன்பட்ட பின்னர் அவர் நீதிமன்றத்தை நாடினார். வழக்கைக் கேட்ட நடுவர் குழு, முதலாளி அவருக்கு 100 பவுண்டு வழங்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பு நிலைக்கவில்லை. 1837இல் மேல்மன்றத்தில் ஆபிஞ்சர் பிரபு அதனை மாற்றி எழுதினார். தன்னைக் காத்துக்கொள்வதைவிட அதிகமாகத் தன் பணியாளைக் காக்கும் கடமை முதலாளிக்கு இல்லை. வண்டியின் நிலை முதலாளிக்குத் தெரிந்த அளவுக்குப் பணியாளுக்கும் தெரிந்திருக்கும். அஞ்சினால் அவர் ஏறாமல் இருந்திருக்கலாம் என்பதே அவர் கூறிய காரணங்களின் சாரம். ஒருவருக்கு இழப்பீடு வழங்கினால் நாளை சமையற்காரர், குதிரைக்காரர், வீட்டுப் பணிப்பெண் ஆகியோரின் தவறுகளுக்கெல்லாம் முதலாளிமீது பணியாளர்கள் வழக்காட வருவார்கள் என்ற அச்சமும் அத்தீர்ப்பில் இருந்தது.

தொழிலாளர் காயம் குறித்த நவீனச் சட்ட வரலாற்றைப் பெரும்பாலான நூல்கள் இவ்வழக்கிலிருந்தே தொடங்குகின்றன. சுமையை ஏற்றியவர் ஒருவர். அதனால் நொறுங்கியவர் வேறொருவர். நொறுங்கியவரின் செலவு யாருடையது? இக்கேள்விக்கு நேரிய விடை கிடைக்க உலகிற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. அவ்விடை இன்று நம் கடைகளிலும் கிடங்குகளிலும் பட்டறைகளிலும் எவ்வாறு மதிக்கப்படுகிறது என்பது நம் ஒவ்வொரு குடும்பத்தையும் தொடும் செய்தி.

கூலிக்குள் அடங்கிய ஆபத்து

ஆபிஞ்சர் விதைத்ததை அமெரிக்காவில் நீதிபதி லெமுவேல் ஷா வளர்த்தெடுத்தார். இருப்புப்பாதை நிறுவனம் ஒன்றின் எஞ்சின் ஓட்டுநரான ஃபார்வெல், மற்றொரு ஊழியரின் கவனக்குறைவால் தம் கையை இழந்தார். 1842இல் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்த ஷா, ஆபத்தான வேலைக்குக் கூலி அதிகம். அந்தக் கூடுதல் கூலியே ஆபத்துக்கான விலை என்னும் கருத்தை முன்வைத்தார். உடன் பணியாற்றுபவரின் தவறால் காயம் நேர்ந்தால் முதலாளி பொறுப்பாளி அல்லர் என்ற கோட்பாடு இரு நாடுகளிலும் வேரூன்றியது.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். இயந்திரத்தைத் தூக்குவது ஒருவரால் ஆகும் வேலையன்று. ஒருவர் சங்கிலியைப் பிடிப்பார். ஒருவர் உருளையைத் தள்ளுவார். ஒருவர் குரல் கொடுப்பார். அவர்களுள் எவர் பிழைத்தாலும் நசுங்குபவர் அருகில் நிற்பவரே. அவரோ, பிழை செய்தவர் உன் தோழர் என்று கூறித் திருப்பி அனுப்பப்பட்டார். அத்தோழரிடமும் அன்றைய கூலியைத் தவிர வேறொன்றும் இல்லை.

நம் முன்னோரின் ஏடுகளில்

இக்கேள்வி ஐரோப்பாவின் இயந்திரங்களோடு பிறந்ததன்று. நம் மரபிலும் அது நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டுள்ளது. தம் கைக்குக் கீழ் உள்ளவரை இழித்துப் பேசிய அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அளித்த அறிவுரை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் பதிவாகியுள்ளது. அவர்கள் உங்கள் சகோதரர்கள்; அவர்களால் தாங்க இயலாததை அவர்கள்மீது சுமத்தாதீர்; சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்பது அதன் கருத்து.

இவ்வறிவுரை நீதிபோதனையாக மட்டும் நின்றுவிடவில்லை. ஹிஜ்ரி 450இல் மறைந்த இமாம் மாவர்தீ, சந்தையையும் பொதுவிடங்களையும் கண்காணிக்கும் முஹ்தஸிபின் கடமைகளைத் தொகுத்தபோது, கப்பலின் கொள்ளளவுக்கு மேல் சரக்கேற்றுவதையும், அடிமைகளிடமும் கால்நடைகளிடமும் அவற்றின் ஆற்றலுக்கு மீறிய வேலை வாங்குவதையும் தடுப்பதை அவற்றுள் சேர்த்தார். 14ஆம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் தமது முகத்திமாவில் முஹ்தஸிபின் பணிகளைப் பட்டியலிடும்போது, சுமைதூக்குவோரும் படகுக்காரரும் மிகைச்சுமை ஏற்றுவதைத் தடுத்தலைக் குறிப்பிடுகிறார். எவரும் வந்து முறையிடும்வரை முஹ்தஸிப் காத்திருக்க வேண்டியதில்லை என்பதையும் அவர் தெளிவுபடுத்துகிறார். தொழிற்சாலை ஆய்வாளர் என்ற பதவி ஐரோப்பாவில் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, சுமையின் அளவு அரசின் கண்காணிப்புக்கு உரியது என்ற எண்ணம் நம் நகரங்களில் நிலவியது.

எனினும் வரலாற்றை நேர்மையோடு கூற வேண்டும். காயத்தைத் தடுப்பது வேறு. காயம்பட்ட பின் ஈடு வழங்குவது வேறு. கிணற்றிலும் சுரங்கத்திலும் நேரும் விபத்துக்கு ஈடு இல்லை என்னும் கருத்துடைய ஹதீஸ் ஒன்று உண்டு. கூலிக்கு அமர்த்தப்பட்டவர் கிணறு தோண்டுகையில் மண் சரிந்து இறந்தால், அமர்த்தியவர் அத்துமீறல் எதுவும் செய்யாதவரை அவர்மீது இரத்த ஈடு இல்லை என விரிவுரையாளர்கள் இதனை விளக்கினர். அத்துமீறல் இருந்தால் பொறுப்பு உண்டு, இல்லையேல் இல்லை. ஆக, தவறு யாருடையது என்பதே நம் ஃபிக்ஹு நூல்களிலும் முதற்கேள்வியாக நின்றது.

ஆனால் அதே ஃபிக்ஹு வேறு இரு வாயில்களைத் திறந்து வைத்திருந்தது. முதலாவது ஆகிலா. தவறுதலாக நேர்ந்த கொலைக்கான ஈட்டைச் செய்தவர் தலையில் மட்டும் கட்டாமல், அவரைச் சார்ந்த கூட்டத்தார் பகிர்ந்து செலுத்துவது அம்முறை. உமர் (ரலி) அவர்கள் ஆட்சியில், ஒரே பதிவேட்டில் ஊதியம் பெறும் படைவீரர்களிடையே இப்பகிர்வு அமைக்கப்பட்டது. ஹனஃபி அறிஞர்கள் அதனையே பின்பற்றினர். இரண்டாவது, ஒப்பந்தம். 1869 முதல் 1876 வரை உஸ்மானிய அரசு தொகுத்து வெளியிட்ட மஜல்லாவின் 43ஆம் விதி, மக்களிடையே வழக்கமாக அறியப்பட்ட ஒன்று, வாய்விட்டு நிபந்தனையிட்டதற்கு ஒப்பானது எனக் கூறுகிறது. நாட்டுச் சட்டத்தில் இடம்பெற்று அனைவரும் அறிந்த ஒரு கடமை, கூலி பேசும்போது எவரும் வாயால் சொல்லாவிட்டாலும் அந்த ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடுகிறது என்று கொள்ள இவ்விதி இடமளிக்கிறது.

இவ்வாயில் ஏட்டோடு நின்றுவிடவில்லை. கருங்கடற்கரையில் எரேலி, ஸோங்குல்டாக் பகுதிகளின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கென 1867இல் திலாவர் பாஷா ஒழுங்குவிதிகளை வகுத்தார். 1869இல் வெளிவந்த சுரங்கச் சட்டம் அதற்கும் ஒருபடி மேலே சென்றது. சுரங்கம் நடத்துபவர் மருத்துவரையும் மருந்துகளையும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். விபத்தில் காயமடைந்தவருக்கும், இறந்தவரின் குடும்பத்திற்கும் நீதிமன்றம் நிர்ணயிக்கும் ஈட்டை வழங்க வேண்டும் என அது விதித்தது. ஏட்டில் எழுதப்பட்டவை முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை என்பது உண்மையே. ஆயினும் கலீஃபாவின் அரசு இக்கடமையைச் சட்டமாக எழுதிய அந்நாளில், இங்கிலாந்தில் ஆபிஞ்சரின் கோட்பாடே கோலோச்சிக் கொண்டிருந்தது.

தவறிலிருந்து உரிமைக்கு

இங்கிலாந்தில் 1880ஆம் ஆண்டுச் சட்டம் முதல் விரிசலை உண்டாக்கியது. மேற்பார்வையாளரின் தவறுக்கும் இயந்திரத்தின் பழுதுக்கும் முதலாளி ஓரளவு பொறுப்பாளியானார். உடனே சில முதலாளிகள் ஒரு வழியைக் கண்டறிந்தனர். வேலைக்குச் சேரும்போதே, இச்சட்டத்தின்கீழ் எதையும் கோரமாட்டேன் என எழுதி வாங்கிக்கொண்டனர். 1882இல் டட்லி பிரபுவின் நிலக்கரிச் சுரங்கத்தில் இறந்த தொழிலாளி ஒருவரின் மனைவி தொடுத்த வழக்கில், அவ்வாறு விட்டுக்கொடுத்தது செல்லும் என்று நீதிமன்றம் கூறிவிட்டது. பசித்தவர் இட்ட கையொப்பம் அவருடைய விருப்பமாகக் கருதப்பட்டது.

1891இல் ஸ்மித் என்னும் தொழிலாளியின் வழக்கு இங்கிலாந்தின் உயர்ந்த மன்றமாகிய பிரபுக்கள் சபைக்குச் சென்றது. அவர் பாறையில் துளையிட்டுக்கொண்டிருப்பார். அவர் தலைக்கு மேலாகக் கிரேன் கற்களைத் தூக்கிச் செல்லும். ஒருநாள் கல்லொன்று அவர்மீது விழுந்தது. ஆபத்தை அறிந்தே வேலை செய்தாய், எனவே அதற்கு உடன்பட்டாய் என்பது எதிர்த்தரப்பின் வாதம். அறிந்திருத்தல் வேறு, உடன்படுதல் வேறு என்று மன்றம் தீர்ப்பளித்தது. ஆபிஞ்சரின் வாதம், அரை நூற்றாண்டுக்குப் பின் இவ்வாறு அடிபட்டது.

இதனிடையே ஜெர்மனி பாதையையே மாற்றிவிட்டது. பிஸ்மார்க்கின் ஆட்சியில் 1884ஆம் ஆண்டு இயற்றப்பட்ட விபத்துக் காப்பீட்டுச் சட்டம், தவறு யாருடையது என்ற விசாரணையை ஒதுக்கியது. ஒரே தொழிலைச் செய்யும் முதலாளிகள் ஒரு சங்கமாகச் சேர்ந்து நிதி திரட்ட வேண்டும். முற்றிலும் உழைக்க இயலாதவருக்கு அவருடைய ஊதியத்தில் மூன்றில் இரு பங்கை அந்நிதி வழங்கும். ஒருவரின் தலையில் விழும் பெருஞ்சுமையைப் பலர் பகிர்ந்து தாங்குவது என்ற வகையில், ஆகிலாவைக் கற்றவர்களுக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. 1897இல் இங்கிலாந்தும் தவறைக் கேளாத இழப்பீட்டுச் சட்டத்தை இயற்றியது. அங்கு வாரக் கூலியில் பாதி வழங்கப்பட்டது. உச்சவரம்பு 1 பவுண்டு. தொழிலின் இலாபம் யாருக்கோ, தொழிலின் காயமும் அவர் கணக்கிலேயே என்பது நிலைபெற்றது.

வெளியே தெரியாத காயம்

சட்டம் வந்த பின்னும் ஒரு போராட்டம் எஞ்சியிருந்தது. கை துண்டிக்கப்பட்டால் அனைவரும் காண்பர். பாரம் தூக்கியபோது முதுகெலும்பு விலகினால், குடல் இறங்கினால், எவர் காண்பார்? ஃபென்டன் என்னும் தொழிலாளி, இறுகிப்போன இயந்திரச் சக்கரம் ஒன்றை முழுவலிமையோடு திருப்ப முயன்றபோது அவருக்குக் குடலிறக்கம் ஏற்பட்டது. எதுவும் விழவில்லை, எதுவும் உடையவில்லை, எனவே இது விபத்தே அன்று என்றனர். 1903இல் பிரபுக்கள் சபை அதனை மறுத்தது. எதிர்பாராமலும் திட்டமிடாமலும் உடலுக்குள் நேர்ந்த கேடும் விபத்தே என்றது. 1910இல் மற்றொரு வழக்கு. முன்னரே இரத்தக்குழாய் நோய் முற்றியிருந்த ஒருவர், மரையாணி ஒன்றை முறுக்கும்போது உயிரிழந்தார். நோயாளியாயினும் வேலையின் அழுத்தமே இறுதி அடியைக் கொடுத்ததால் அதுவும் விபத்தே எனத் தீர்க்கப்பட்டது.

நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும், அவருக்கு முன்பே முதுகுவலி உண்டு என்று ஒரே சொல்லில் பேச்சை முடித்துவிடுகிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவ்வாதத்திற்கு விடை கூறப்பட்டுவிட்டது.

இந்திய மண்ணில்

இந்தியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதே கடமையை விதித்தது. இந்தியச் சட்டம் காலப்போக்கில் பலமுறை விரிந்து, 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இணைக்கப்பட்டுள்ளது, அடிப்படைகள் மாறவில்லை. அவற்றுள் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டியவை சில.

வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த காயத்திற்கு ஈடு உண்டு. முதலாளியின் தவறை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. தொழிலாளி கவனக்குறைவாக இருந்தார் என்பது மட்டும் ஈட்டை மறுக்கப் போதாது. குடிபோதை, பாதுகாப்புக்கான கட்டளையை வேண்டுமென்றே மீறுதல் போன்ற விலக்குகள்கூட, மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் செல்லுபடியாகா. ஒப்பந்தக்காரர் வழியாக வந்த தொழிலாளியாயினும் வேலையைக் கொடுத்த முதன்மை முதலாளி பொறுப்பிலிருந்து நழுவ இயலாது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய தாள் செல்லாது. டட்லி சுரங்கத்தில் இறந்தவரின் மனைவிக்குக் கிடைக்காத நீதி இங்கே சட்டமாக எழுதப்பட்டது. கோரிக்கையை விபத்து நிகழ்ந்த 2 ஆண்டுகளுக்குள் ஆணையரிடம் அளிக்க வேண்டும்.

தொகை எவ்வளவு? கணக்கிற்குரிய மாத ஊதியத்தின் உச்சவரம்பு 2020 ஜனவரியில் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 40 வயதுடைய ஒருவர் அவ்வூதியம் பெறுவதாகக் கொள்வோம். அவ்வயதிற்குரிய பெருக்கல் எண் 184.17. நிரந்தர முழு ஊனமெனில், ஊதியத்தில் 60 விழுக்காடாகிய 9,000ஐ அவ்வெண்ணால் பெருக்கினால் 16,57,530 ரூபாய். மரணமெனில், 50 விழுக்காட்டின்படி 13,81,275 ரூபாய். கட்டைவிரல் ஒன்றை இழந்தால் சட்டம் அதனை 30 விழுக்காடு இழப்பாக மதிக்கிறது. அது 4,97,259 ரூபாய். பட்டியலில் இல்லாத முதுகெலும்புக் காயத்திற்கு, உழைக்கும் ஆற்றலில் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவர் மதிப்பிடுவார். மருத்துவச் செலவு இவற்றிற்குப் புறம்பானது. தொழிலாளர் அரசுக் காப்பீடாகிய இ.எஸ்.ஐ.யின்கீழ் உள்ளவர்களுக்கு இத்தொகைக்கு மாற்றாக அக்காப்பீட்டின் வழியே மருத்துவமும் மாதாந்த ஓய்வூதியமும் கிடைக்கும்.

காயத்திற்கு முன்னரே தடுப்பதற்கும் உலகம் சில விதிகளை வகுத்துள்ளது. 1,000 கிலோகிராமும் அதற்கு மேலும் எடையுள்ள பொதிகளைக் கப்பலில் ஏற்றுமுன் அவற்றின் எடையை வெளிப்புறத்தில் பொறிக்க வேண்டும் என்று 1929இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை செய்தது. எடை அறியாமல் தூக்கியதால் கிரேன் முறிந்து எத்தனையோ துறைமுகத் தொழிலாளர் மாண்ட பின்னரே அவ்விதி பிறந்தது. 1967இல் அதே அமைப்பு, வயதுவந்த ஆண் ஒருவர் தாமே சுமக்கும் பாரம் 55 கிலோகிராமைத் தாண்டலாகாது எனப் பரிந்துரைத்தது. நம் சந்தைகளில் ஒரே முதுகில் ஏற்றப்படும் மூட்டைகளை இவ்வளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடனா, தர்மமா?

வரலாறு இங்கே நம் வாசலுக்கு வந்து நிற்கிறது. நம் சமுதாயத்தில் வணிகர் பலர். அரிசி மண்டி, இரும்புக்கடை, தோல் பதனிடும் ஆலை, மரப்பட்டறை நடத்துவோர் பலர். அங்கே எவருக்கேனும் கால் நசுங்கினால் முதலாளி மருத்துவமனைக்கு ஓடுவார், பணம் கொடுப்பார், துஆச் செய்வார். அவருடைய இரக்கத்தில் ஐயமில்லை. ஆனால் அப்பணத்தை அவர் எந்தக் கணக்கில் எழுதுகிறார்? சிலர் ஸதகா என்கின்றனர். சிலர் அவ்வாண்டு ஸகாத்திலிருந்தே எடுத்துத் தருகின்றனர்.

சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. தாம் தர வேண்டிய கடனை ஸகாத்தைக் கொண்டு தீர்த்தல் கூடாது என்பது மதரஸாவில் தொடக்க வகுப்பு மாணவரும் அறிந்தது. சட்டத்தாலும் அறியப்பட்ட வழக்கத்தாலும் ஒப்பந்தத்தின் பகுதியாகிவிட்ட இழப்பீடு, தொழிலாளியின் ஹக்கு; முதலாளியின் கழுத்தில் தொங்கும் கடன். அதனை ஸகாத் என்று பெயர் மாற்றிக் கொடுப்பவர், கடனையும் தீர்க்கவில்லை, ஸகாத்தையும் நிறைவேற்றவில்லை. 5 இலட்சம் பெற உரிமையுள்ளவர் கையில் 20,000 வைத்து, இருவருக்குமிடையே இனி ஒன்றுமில்லை என எழுதி வாங்குவது, அவ்வூரின் பெரியவர்கள் சாட்சிக் கையொப்பமிட்டாலும் உரிமையைப் பறிப்பதே ஆகும்.

சிறுவணிகரின் அச்சமும் நியாயமானதே. ஒரு விபத்தின் ஈடு அவருடைய முதல் முழுவதையும் விழுங்கிவிடக்கூடும். அதனால்தான் ஜெர்மனியின் முதலாளிகள் சங்கமாகச் சேர்ந்தனர், இங்கே இ.எஸ்.ஐ. அமைந்தது. சட்டம் பொருந்தும் நிறுவனம் அதில் பதிவு செய்யாமல் இருப்பது, தொழிலாளிக்கு மட்டுமன்றி முதலாளிக்கும் தீங்கு. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உடலுழைப்புத் தொழிலாளர் நலவாரியம் உள்ளது. சுமை ஏற்றி இறக்குவோர் அதில் பதிந்துகொள்ளலாம். ஜமாஅத் அலுவலகங்கள் திருமணப் பதிவேட்டைப் பேணுவது போல, தம் பகுதித் தொழிலாளர் இப்பதிவுகளைச் செய்ய உதவினால் அது பெரும் தொண்டாகும்.

வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் பிள்ளைகளின் குடும்பங்களும் இவ்வுரிமையை அறிந்திருத்தல் நலம். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடக் காயத்தால் இறந்தவரின் குடும்பத்திற்கு 24 மாத அடிப்படை ஊதியத்தை, 18,000 திர்ஹமுக்குக் குறையாமலும் 2,00,000 திர்ஹமுக்கு மிகாமலும் வழங்கக் கட்டளையிடுகிறது. சவூதி அரேபியாவில் வெளிநாட்டுத் தொழிலாளருக்கான பணியிட விபத்துக் காப்பீட்டிற்கு ஊதியத்தில் 2 விழுக்காட்டை முதலாளியே செலுத்துகிறார். உடலை ஊருக்கு அனுப்பியதோடு கணக்கு முடிந்தது என்று எவரேனும் கூறினால், குடும்பத்தார் அதனை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. இந்தியத் தூதரகத்தின் வழியாகக் கேட்கலாம்.

காயம் நேர்ந்த நாளிலேயே செய்ய வேண்டியவை எளியவை. மருத்துவமனைச் சீட்டில், வேலையின்போது, இன்ன பொருளைத் தூக்கியபோது நேர்ந்தது என எழுதச் செய்யுங்கள். உடன் நின்றோரின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாளிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கூலி பெற்றதற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். எந்தத் தாளிலும் படித்துப் பார்க்காமல் கையொப்பமிடாதீர்கள். உரிமையைக் கேட்பது நன்றிகேடு அன்று. இத்தனை ஆண்டுகள் சோறிட்டவரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்குவோர், அச்சோறு தம் உழைப்பின் கூலியே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

பிரீஸ்ட்லியின் முன் அன்று மூடப்பட்ட கதவைத் திறக்க, அவருக்குப் பின் வந்தோர் இரு தலைமுறைக் காலம் வழக்காடினார்கள். திறந்த கதவின் முன்னே நம் சகோதரர்களைக் கையேந்தி நிற்க வைக்காதிருப்போம். அவர்களுக்குரியதைக் கேட்குமுன்னே கொடுத்துவிடும் நல்லுள்ளத்தை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக.